துரைக்கு நான் பெற்றுக்கொடுத்த மகள்

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வராதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவி எனக்குத்தான்.

வாவிக்கரைத் தென்னந்தோட்டத்துப் பழைய பங்களாவைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்தபோது, அங்கே எனக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. இரண்டு வருடம் மாமியார் வீட்டுச் சோறு தின்ற பிறகு கிடைத்த வேலை. (எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே போய்ச் சேருவார்.) முதல் மாதம் தகுதிகாண் காலம், பிசகினால் திரும்பவும் மாமியார் சோறு. ஆகவே தோட்டத்தை வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை குடும்பத்தின் வரலாற்றுப் புத்தகத்தை நெட்டுருப் போட்டேன்.

முதல் நாள் பொறுப்பாளர் ஐயா பின்னால் நின்று கவனித்தார். துரை கப்பலேறி வந்தது, கொப்பரா ஏற்றி அனுப்பியது எல்லாவற்றையும் மழையாகக் கொட்டினேன். அப்போது கல்லடியிலிருந்து வந்த ஒருவர் நம் ஊர்க் கேள்வியைக் கேட்டார்: "தம்பி, இந்த வீடு எந்த மகளுக்குச் சீதனம் குடுத்த?"

புத்தகத்தில் மகளே இல்லை. "மூத்தவ மார்கிரட்டுக்கு" என்றேன்.

கூட்டம் நிம்மதியாகத் தலையாட்டியது. அந்தப் போதையில் மார்கிரட்டுக்குப் பியானோ பழக்கினேன், ஒரு கப்பல் கப்டனை மாப்பிள்ளை பார்த்தேன். அதோடு நின்றிருக்கலாம். சமையல் குசினிக்குப் பின்னாலிருந்த சின்ன அறையைத் திறந்து, "வாவிக் காத்துக்காக இஞ்சதான் படுப்பா" என்றும் சொல்லிவிட்டேன்.

ஏறாவூரிலிருந்து வந்திருந்த அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் முன்னால் வந்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை.

"தம்பி, துரைக்கு மூணும் ஆம்புளப் புள்ளையள். இதுக்குள்ள படுத்த எங்கட உம்மா. அந்த மூணையும் வளத்தவ. அவட பேர் இஞ்ச எங்கயாச்சும் இருக்கா எண்டு பாக்கத்தான் வந்த நான்."

துரையின் நாய்களின் பெயர்கள்கூட எனக்கு மனப்பாடம். அந்தத் தாயின் பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை. வெட்கத்தில் தலை குனிந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வேலை போய்விட்டதென்றே நினைத்தேன். ஐயா என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "உம்மாட பேர அவவிட்டக் கேட்டு எழுதுங்க."

ஆசியா உம்மா. அந்த அறை வாசலில் இன்றும் இருக்கும் பலகை என் கையால் எழுதியதுதான்.

மார்கிரட் கதை எனக்கு முன்னே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மறுவருடம் ஆஸ்பத்திரியிலிருந்து, "மாமி, பொம்புளப் புள்ள! பேரும் யோசிச்சிட்டன்" என்று போனில் கத்தினேன்.

"ஆள் இருக்கா மருமகன்? இல்லாட்டி பேர் மட்டுந்தானா?"