உங்கள் தங்கை நீளம் தாண்டுகிறாள்

அல்லிநகரம்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் கருத்தக்கண்ணன் அவர்களுக்கு,

ஈஸ்வரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கெங்குவார்பட்டியில் நீங்களும் அக்காவும் தென்னைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வாள் என்பதால் கடிதம்.

ஐம்பத்தேழு வயதில் அனுசுயா நீளம் தாண்டுகிறாள், மச்சான். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஓடிவந்து, பலகையில் காலை ஊன்றி, மணலில் போய் விழுகிறாள். பக்கத்துத் தெருப் பவுனு, மூத்தோர் தடகளப் போட்டி என்று ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்ததில் ஆரம்பித்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் குச்சனூர் போய்ச் சனீஸ்வரனைக் கும்பிட்டுத் திரும்புவதற்குள், என் வாழைக்கன்றுகளைப் பிடுங்கி ஓரமாக நட்டுவிட்டு, கொல்லையில் ஆள் நீளத்துக்குக் குழி வெட்டி, சுவர் பூச்சுக்கு வைத்திருந்த மணலைக் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தாள். “யாருக்கு இந்தக் குழி?” என்று நடுங்கிப்போய்க் கேட்டேன். “எனக்குத்தேன்” என்றாள். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அளவு டேப்பின் ஒரு முனை என் கையில். பக்கத்து வீட்டு அக்கம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “அண்ணே, அண்ணிக்குச் சாமி வந்திருச்சா? வேப்பெலை கொண்டாரவா?” என்று கேட்கிறது.

பெண் பார்க்க வந்தபோது நீங்கள்தானே பேசினீர்கள்? சமையல், தையல், கோலம் என்று வரிசையாகச் சொன்ன மனுஷர், பள்ளிக்கூடத்தில் இவள் நீளம் தாண்டுவதில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்ததை ஏன் மறைத்தீர்கள்? அவளிடமே கேட்டேன்.

“குதிப்பேன்னு சொல்லியிருந்தா நீங்க கட்டியிருப்பீகளா? அண்ணன்தேன் சொல்ல வேணாம்னாக. மாநிலப் போட்டிக்குப் போக வேண்டிய அன்னைக்குத்தேன் நீங்க பொண்ணு பாக்க வந்தீக.”

அன்று உங்கள் வீட்டில் நான் மூன்று முறை கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். முப்பத்தொன்பது வருஷம் கழித்து அது இப்போது தொண்டையில் அடைக்கிறது. இதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை தேனியில் போட்டி. முதல் தாண்டலில் கால் கோட்டைத் தாண்டியது, ஃபவுல் என்றார்கள். இரண்டாவதும் ஃபவுல் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கயிற்றுக்குள் நுழைந்து, “கால் கோட்டில் படவே இல்லை, நான் பார்த்தேன்” என்றேன். “ஐயா, நீங்க யாரு?” என்றார் கொடி பிடித்தவர். “டேப்பு பிடிக்கிறவன்” என்றேன். என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் மரியாதையாக வேலை பார்த்தவன் நான். மூன்றாவது தாண்டலில் இரண்டு மீட்டர் எண்பத்துமூன்று. நான்கு பேரில் இரண்டாவது. தலையெல்லாம் மணலோடு குழியிலேயே உட்கார்ந்து சிரித்தாள், மச்சான். என் வீட்டில் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சிரிக்கிறாள். இது என்ன நியாயம்?

அடுத்த மாதம் திருச்சியில் மாநிலப் போட்டியாம். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. “வயசுக்கேத்தபடி இருக்கக் கூடாதா?” என்றேன். “வயசு முட்டிக்குத்தேன் ஆகியிருக்கு. எனக்கென்ன?” என்கிறாள். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து கண்டிக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தடுத்து நிறுத்திய அனுபவம் உங்களுக்கு உண்டு.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த
ஈஸ்வரபாண்டி

பி.கு.: கண்டிக்க வர வேண்டாம். வந்தால் வாயைத் திறக்காமல் எங்களோடு திருச்சிக்கு வாருங்கள். அன்று அனுப்பாததற்கு இன்று அவள் பையைத் தூக்குங்கள். அவள் விண்ணப்பத்தைக் கொடுக்க நேற்றுப் போயிருந்தேன். அங்கிருந்தவர் என் வயதைக் கேட்டார். அறுபத்துமூன்று என்றேன். அறுபதுக்கு மேற்பட்டோர் நடைப் போட்டிக்கு இதுவரை இரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்களாம், மூன்றாம் பரிசு நிச்சயமாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம்; டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.