துடைத்தால் போதும்

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது மனைவியை ஏமாற்றிவிடுவது என்று பஸ் பரிசோதகர் முடிவு செய்தார். டிக்கெட் எடுக்காமல் எவன் ஏறினாலும் முழியைப் பார்த்தே பிடித்துவிடுகிறவர் அவர். வீட்டுக்குள் கதை வேறு. அங்கே பிடிபடுவது எப்போதும் அவர்தான். சிகரெட் பிடிபட்டது, சீட்டாட்டம் பிடிபட்டது, அவள் வாங்கித் தந்த பூப்போட்ட சட்டையைத் தம்பி தலையில் கட்டியதுகூடப் பிடிபட்டது.

இந்தத் தடவை பிடிபடக் கூடாது. டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "ஆறு மாசம். மிஞ்சிப்போனா எட்டு" என்று சொல்லி ஒரு காகிதத்தைக் கொடுத்திருந்தார். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பரிசோதகர் காகிதத்தைக் கசக்கி யூனிஃபார்ம் கோட்டின் உள்பையில் திணித்தார். அவருக்குத் தெரிந்த பரம ரகசியமான இடம் அதுதான்.

"என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. உன் வயித்துல ஏதோ கிருமியாம். சமையலறை சுத்தமா இருந்தா சரியாயிடுமாம்."

வாய்க்கு வந்த பொய்தான். வீடு வந்து சேர்வதற்குள் அதுவே திட்டமாகிவிட்டது. சமையல் மேடையில் டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துக் கிடந்தது. வெள்ளை மார்பிள் போட வேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். "அடுத்த வருஷம்" என்றே அவரும் இருபத்தொன்பது வருஷத்தை ஓட்டிவிட்டார். இனி அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழாது. மேடை வேலையில் மூழ்கினால் உடம்பை மறப்பாள், ஆசைப்பட்டதும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மார்பிள் கடைக்கு அவள் கைப்பையில் அரை எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"இந்தா, நீ கேட்ட வெள்ளை மார்பிள்" என்றார் பரிசோதகர், ராஜ்யத்தையே எழுதிக் கொடுப்பவர் மாதிரி.

அவள் துண்டுக் கல்லின் மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள். சற்றுப் பொறுத்துத் துடைத்தாள். சாறு பட்ட இடம் மங்கியிருந்தது.

"புளிப்பு பட்டா உடனே துடைச்சிடணும்மா" என்றார் கடைக்காரர்.

"உடனேவா? நடக்காது. அடுத்தது?"

"கிரானைட். கறை இறங்காம இருக்க வருஷம் ஒரு தடவை மேல சீலர் பூசணும்."

"மறந்துபோகும். அடுத்தது?"

"மரம். அப்பப்போ எண்ணெய் தடவணும்."

"தலைக்கே தடவறது கிடையாது. அடுத்தது?"

"குவார்ட்ஸ். ஈரத்துணி போதும். சூடான சட்டியை மட்டும் நேரா வைக்கக் கூடாது."

"வைக்காதேன்னாதான் வைப்பாங்க."

பரிசோதகருக்குக் குழம்பியது. "பிரிமணை போடாம நீ என்னிக்கு சட்டியை வச்சிருக்கே?"

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "கறை பிடிக்கக் கூடாது, சூடு தாங்கணும், எதுவும் பூசக் கூடாது, அழுக்கு சேர இடுக்கே இருக்கக் கூடாது. துடைச்சா போதும். அப்படி ஒண்ணு காட்டுங்க."

கடைக்காரர் மூலைக்குக் கூட்டிப்போனார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேடை. தொட்டியும் மேடையும் ஒரே தகடு. "ஆஸ்பத்திரிக்கெல்லாம் இதுதான் போகுது. கீறல் விழும், அவ்வளவுதான்."

அது சரியாக ஓர் ஆள் நீளம் இருந்தது. பிணவறை ஞாபகம் வந்து பரிசோதகர் சட்டென்று பின்வாங்கினார்.

"இது வேணாம்மா. மார்பிளே போட்டுக்கலாம். நான் தினம் துடைக்கிறேன்."

"நீங்களா?" அவள் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் வலி வந்து விலாவைப் பிடித்துக்கொண்டாள். "ஆசைப்பட்டது நான். அதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கப் போறது யாரு? இதையே போடச் சொல்லுங்க."

அடுத்த வாரம் முழுக்க, பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். அந்த ஆறு மாசம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கசக்கித் திணித்த காகிதம் மட்டும் விறைப்பாக இருந்தது. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல காகிதம் என்று நினைத்துக்கொண்டார். நடுவில் ஒரு நாள், சட்டை தைக்க வேண்டுமென்று அவள் நாடாவோடு வந்தாள். கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை அளந்தாள். இதுதான் இவள் தைக்கும் கடைசிச் சட்டை என்று நினைத்தபடி அவர் மடக்கிய கையோடு நின்றார். சட்டைக்கு எதற்குத் தரை என்று கேட்கத் தோன்றவில்லை.

மேடை பொருத்திய அன்று, வேலையிலிருந்து வந்தவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். மேடை மனைவியின் நெஞ்சுக்குக் கிட்டே இருந்தது.

"யோவ்! இவ்வளவு உசரத்துல இவ எப்படிய்யா சமைப்பா?"

பொருத்த வந்தவர் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "சமைக்கிறவங்க முழங்கைக்கு நாலு விரல் கீழ இருக்கணும் சார். அம்மாதான் அளவு குடுத்தாங்க." அவர் போய்விட்டார்.

பரிசோதகர் மெதுவாக மேடை அருகே போய்க் கையை மடக்கினார். முழங்கைக்குக் கீழே சரியாக நாலு விரல்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. டிக்கெட் எடுக்காதவன் மாதிரி முழிச்சுக்கிட்டு வந்தீங்களே. அப்புறம், கோட்டைத் துவைக்கிறது யாரு? துணியோட சேர்த்து அந்தக் காகிதத்துக்கும்தான் இஸ்திரி போட்டேன்."

அவர் தகட்டில் நெற்றியைச் சாய்த்துக் குலுங்கி அழுதார். அவள் அவர் முதுகில் கை வைத்தாள்.

"போறதுக்கு எனக்கு பயமில்லைங்க. நீங்க என்னத்தைத் தின்பீங்கன்னுதான் பயம்."

பிறகு ஒரு வெங்காயத்தையும் கத்தியையும் அவர் முன்னால் நகர்த்தினாள். "அழறதுன்னா இதை நறுக்கிக்கிட்டே அழுங்க. வேலையாவது நடக்கும்."

பரிசோதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கத்தியை ஓங்கினார்.

"மொதல்ல தோலை உரிக்கணும்" என்றாள் அவள்.