ஊர் மாற்றிய அக்கா

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பாதிக் குடும்பங்கள் இன்னும் ஒன்றாக இருப்பதற்கு ஒரு கட்டை மீசைக்காரர்தான் காரணம் என்று நான் சத்தியமே செய்வேன். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலரில் குடும்பப் பிரச்சினைகளுக்குப் பதில் எழுதும் ‘அக்கா’ அவர்தான். கல்யாணமே ஆகாதவர். ஆபீஸ் வாட்ச்மேன்கூட “அக்கா, டீ வந்துருச்சு” என்றுதான் கூப்பிடுவார். இவரும் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து போவார்.

கேள்விகளை ஒரே வரியாகச் சுருக்கி, அச்சில் ஊர்ப் பெயரை மாற்றிவிடுவது அவர் வழக்கம். மேலூர்க் கடிதம் பேரையூர் என்று வரும், பேரையூர்க் கடிதம் மேலூர் என்று வரும்.

“உள்ள ஊரப் போட்டா தெருவுக்கே தெரிஞ்சுரும் மாப்ள. அவுக கஷ்டம் அவுகளுக்குத் தெரியாதா? படிச்சதும் கண்டுபிடிச்சுருவாக” என்பார்.

ஒருநாள் பேரையூர்ப் பெண் ஒருத்தி இரண்டாவது கடிதம் போட்டிருந்தாள். போனைப் புருஷன் நோண்டுவான் என்பதால் கடிதம். முகவரி, அவள் வேலை பார்க்கும் தையல் கடை. ‘பொறுத்துப் போகச் சொன்னீங்க அக்கா. பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். போன வாரம் இடது கைய ஒடிச்சுட்டாரு. இன்னும் எம்புட்டு நாளு?’

அக்கா பழைய மலரைத் தேடி எடுத்தார். ‘உடனே அம்மா வீட்டுக்குப் போ’ என்று அவளுக்கு எழுதிய பதில் மேலூர் என்று வந்திருந்தது. புருஷன் சாப்பாட்டைக் குறை சொல்கிறான் என்று எழுதிய மேலூர்க்காரிக்கான ‘கொஞ்சம் பொறுத்துப் போம்மா’, பேரையூர் என்று வந்திருந்தது. இரண்டு கேள்விகளும் ‘கணவரோடு ஒத்துவரவில்லை’ என்றே சுருங்கியிருந்தன.

மலரை மடித்துப் பையில் வைத்தார். “கெளம்பு மாப்ள, பேரையூர் போவோம்” என்றார்.

தையல் கடையில் அவள் ஒரு கையில் கட்டோடு பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் தாயி அக்கா” என்றார்.

அவள் மீசையையே பார்த்தாள். வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

“அது ஒனக்கு எழுதுன பதில் இல்ல. ஊர மாத்திப் போட்டது நானு. தப்பு என் மேல. நீ பொறுத்துப் போக வேணாம்.”

அவள் பட்டன்களை ஒதுக்கி வைத்தாள். பிறகு, “யாராச்சும் ஒருத்தர் இதச் சொல்ல மாட்டாகளான்னுதான் இருந்தேன்” என்றாள். கடைக்கார அம்மாவின் போனை வாங்கி, “அம்மா, நான் வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா காத்திருந்தார். ஒப்படைத்துவிட்டு மதுரை பஸ் ஏறினோம். அக்கா கண்ணைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

எட்டு வருஷமாக அவர் எழுத்தைக் கேலி செய்தவன் நான். என் மனைவி என்னோடு பேசி மூன்று மாதம் ஆகிறது என்பதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பஸ் மதுரைக்குள் நுழைந்து காளவாசல் வருவதற்குள் அவரிடம் சொல்லி முடித்திருந்தேன்.