அமெரிக்கா அண்ணாச்சியின் ஒரு கை தூரம்

உலகத்திலேயே முன்பக்கம் நடந்ததைவிடப் பின்பக்கமாக அதிகம் நடந்த ஆள் யாரென்றால், அது எங்கள் பாளையம்பட்டி ‘அமெரிக்கா’ அண்ணாச்சிதான். உரக்கடைக்காரர். டெக்சாஸில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். பெட்டி நிறைய சாக்லேட், தலை நிறைய சட்டம்.

“அங்க ஆளுக்கொரு நேரம் இருக்கு, ஆளுக்கொரு இடம் இருக்கு. ரெண்டையும் அடுத்தவுக தொட மாட்டாக” என்பார்.

பக்கத்து வீட்டுக்காரனான நான் உறைமோர் வாங்கப் போனால், “போன் பண்ணிட்டு வந்தீகளா?” என்பார். வாசலில் நின்றபடியே போன் போடுவேன். எதிரிலேயே நின்று எடுத்து, “நாளைக்குக் காலையில வாங்க” என்பார். எங்கள் வீட்டுப் பால் அதுவரை காத்திருக்குமா?

பேசுவது இன்னும் கஷ்டம். தோளில் கை போடாமல் நமக்குப் பேச்சு எங்கே வருகிறது? நாம் ஓர் அடி நெருங்கினால், ஒரு கை தூரம் குறையாதபடி அவர் ஓர் அடி பின்வாங்குவார். கடை வாசலில் ஆரம்பித்த யூரியா பேச்சு பஸ் ஸ்டாப்பில் போய் முடியும்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் மகள் செல்வியைப் பெண் பார்க்க நரிக்குடியிலிருந்து ஆட்கள் வரும்வரை. போட்டோவிலேயே செல்விக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அண்ணாச்சி சொன்ன நேரம் காலை பத்து. வேன் வந்ததோ சாப்பாட்டு நேரம் தாண்டி.

“சித்தப்பா, அப்பா இவுகள திருப்பி அனுப்பிருவாக. ஏதாச்சும் செய்யுங்க” என்று செல்வி கண்ணைக் கசக்கினாள். நான் என்ன செய்ய? உறைமோருக்கே எனக்கு அனுமதி கிடையாது.

அண்ணாச்சி கேட்டை மறித்து நின்றார். “பத்து மணின்னு சொன்னோம். டைமு முடிஞ்சுபோச்சு. இன்னொரு நாள்...”

“என்ன சம்மந்தி!” என்று மாப்பிள்ளையின் அப்பா நெருங்கினார். “ரோட்டுல ஆடு மறிச்சிருச்சு. பெறகு திருச்சுழியில சாமி கும்பிட்டோம். பெறகு பூ வாங்க மறந்து திரும்பிப் போனோம்...”

ஒரு காரணத்துக்கு ஓர் அடியாக அவர் முன்னால் வர, அண்ணாச்சி ஓர் அடி பின்னால் போனார். கேட், வாசல்படி, ஹால். மாப்பிள்ளையின் அப்பா பின்னாலேயே மொத்த வேனும் வந்தது. அண்ணாச்சி “இன்னொரு நாள் வாங்க” என்று முடித்தபோது, அடுக்களையில் கிரைண்டரில் முதுகு முட்டி நின்றார். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றே பூ வைத்தாயிற்று.

கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும் நேரம். அதே வேன். ஏறப்போன செல்வி ஓடிவந்து அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணாச்சி ஓர் அடிகூட நகரவில்லை.

“நேரமாகுது சம்மந்தி” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“என்ன அவசரம்? செத்த இருங்க, போகலாம்” என்றார் அண்ணாச்சி.

நான் போன் பண்ணாமலே கிட்டப் போய், அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன்.