ஒனிஷி கடை வாசலில் நின்ற கால்

வீட்டிலிருந்து மீன் கடை வரை நடப்பதற்குள் ஹிசாயோஷியின் இடது கெண்டைக்காலை யாரோ கிட்டி போட்டுப் பிடித்தாற்போல் வலிக்கும். சற்று நின்றால் விட்டுவிடும். டாக்டரிடம் போனால் காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், மனைவி மிட்சுவேயிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை.

கடை வாசலில் சும்மா நிற்க முடியுமா? தினமும் கானாங்கெளுத்தி வாங்கினார்.

"இன்னைக்கும் மீனா? ஏங்க, வீட்டுல பூனையா வளக்குறோம்?" என்றாள் மிட்சுவே.

அதற்குப் பயந்து எதிர்ச்சாரிக்கு மாறினார். அங்கே கால் மக்கர் செய்த இடம் வீட்டுத் தரகர் ஒனிஷியின் கடை. கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரங்களைப் படிப்பதுபோல் நின்றார்.

ஒருநாள் ஒனிஷி வெளியே வந்தார். "சார், தினமும் ஒத்தை ஆள் வீட்டையே பாக்குறீங்க. கூச்சப்படாதீங்க. இந்த வயசுல நெறைய பேர் தனியாப் போறாங்க!"

உட்கார நாற்காலி கிடைக்குமே என்று ஹிசாயோஷி தலையாட்டியபடி உள்ளே போனார்.

வாடிக்கையை இழந்த கடுப்பில் இருந்த மீன்காரி இதையெல்லாம் எதிரிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விஷயம் மிட்சுவேயின் காதுக்குப் போயிற்று. பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். கடைசியில் சோற்றுக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள்.

"எப்ப கிளம்புறீங்க?"

"எங்கே?"

"ஒனிஷி காட்டின வீட்டுக்கு!"

ஹிசாயோஷி கால்சட்டையைச் சுருட்டிக் காலை நீட்டினார். "தெருக்கோடி வரைக்கும்கூட நடக்க முடியல. நான் எங்கடி வீட்ட விட்டுக் கிளம்புறது?"

மறுநாளே தெரு கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்த டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தக்குழாய் அறுவை நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார். அந்தப் பெண் நிபுணர் அவருடைய கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, ஸ்கேனும் எடுத்தார்.

"தொடையில குழாய் அடைச்சிருக்கு. உள்ள சின்ன பலூனை விட்டு விரிச்சிடலாம். சிகரெட்டை இன்னையோட விட்டுடணும்."

"காலை எடுக்க வேணாமா?"

"எடுத்துட்டா அப்புறம் எதை வச்சு நடப்பீங்க? தினமும் நடக்கணும் நீங்க!"

ஹிசாயோஷிக்கு அழுகையே வந்துவிட்டது.

சிகிச்சை முடிந்தபின் இருவரும் கடைத்தெருவை முனைக்கு முனை நிற்காமல் நடந்தார்கள்.

"என்னைச் சந்தேகப்பட்டுட்டியே!"

"நானா? ஒரு நொடிகூட இல்ல. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் மிட்சுவே.

பின்னால் ஒனிஷி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா, நில்லுங்க! நீங்க எடுத்து வைக்கச் சொன்ன ஒத்தை ஆள் வீடு... பூனை வளத்துக்கலாம்னு ஓனர் ஒத்துக்கிட்டார்!"