மேற்குக் கரைப் பானை

இந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்குள், மனைவி முத்தாத்தாள் ஒளித்துவைத்த உப்புக்கண்டப் பானையைக் கண்டுபிடித்தே தீருவது என்று மாரப்பன் சபதம் செய்தார். அதுவும் எகிப்து முறைப்படி.

எகிப்து அவருக்குப் பொள்ளாச்சிச் சந்தையில் கிடைத்தது. அவர் ஊரான பெருமாட்டி கேரள எல்லைக்குள் இருந்தது; அங்கே கடைகளில் மலையாளப் புத்தகம்தான் தொங்கும். தமிழ்க் காமிக்ஸ் வேண்டுமென்றால் எல்லை தாண்டவேண்டும். மாடு பார்க்கப் போனவர் மாட்டை மறந்துவிட்டு, அட்டையில் தங்க முகம் போட்ட ஒரு புத்தகத்தோடு திரும்பினார். அன்றிலிருந்து தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறதோ இல்லையோ, நைல் நதி தவறாமல் பாய்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, புத்தகம் அப்படி. ராஜாக்கள் பக்கவாட்டில் நடந்தாலும் கண் மட்டும் நேராகப் பார்க்கும். நரித்தலைச் சாமி தராசு பிடித்து நெஞ்சை எடைபோடும். ஒரு மூலையில், கோவணம் கட்டியவன் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய அப்பா இறைத்த அதே ஏற்றம்.

"பாரு புள்ளே, நம்மாளு" என்றார்.

முத்தாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ராணியின் கழுத்து நகையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க, இத்தன பக்கத்துல ஒருத்தியாவது சோறாக்கறாளாங்க? எல்லாரும் பொழுதன்னிக்கும் சமாதியே கட்டீட்டிருந்தா ஊட்டு வேலைய ஆரு பாக்கறது?"

மாரப்பன் பேச்சை மாற்ற, ராஜாவின் உடம்பை உப்பில் புதைத்து, உலர்த்தி, வெள்ளைத் துணி சுற்றிவைக்கும் படத்தைக் காட்டினார்.

"நம்ம கறி உப்புக்கண்டந்தானுங்களே" என்றாள் முத்தாத்தாள். "மஞ்சத்தூளு போடாம உட்டுட்டாங்க. கெட்டிக்கார சனந்தான், இருந்தாலும்."

கதையில் ஒரு புதையல் திருடன் கிழக்குக் கரை முழுவதையும் தோண்டி மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தான். மாரப்பன் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். "பொழைக்கறது கெழக்குக் கரை, பொதைக்கறது மேக்குக் கரை. இதுதான் அந்த ஊருச் சட்டம். கெழக்கால தேடறவன் முட்டாளு" என்று விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். இரண்டாம் தடவை விளக்கியபோதும் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் அவள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு முருங்கைக்காய் கொண்டுபோனாள். கூடையை ஆற்றங்கரை வரை மாரப்பன்தான் தூக்கிவந்தார். முருங்கைக்காய் இந்தக் கனமா கனக்கும் என்று முனகிக்கொண்டே வந்தார். அதற்குமேல் ஓர் அடி வைக்கவில்லை. அண்ணன் அர்த்தநாரி பார்த்து வாங்கிக்கொடுத்த காளை, ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் ஜாதி. அதைப் பற்றி மாரப்பன் சந்தையில் நாலு பேர் நடுவே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றுபோயிற்று. முத்தாத்தாளுக்கு அது நெஞ்சில் தைத்த முள். மாரப்பனுக்கோ வீம்பு. அவர் முதலில் வரட்டும் என்பார்.

திரும்பி வந்ததும் முத்தாத்தாளே ஆரம்பித்தாள்.

"உப்புக்கண்டப் பானைய ஒளிச்சு வெச்சாச்சுங்க. நோம்பிக்குள்ள கண்டுபுடிச்சா பானையோட நீங்களே தின்னுக்குங்க. இல்லாட்டி அக்கரைக்குப் போயி, எங்கண்ணன நீங்களே நோம்பிக்குக் கூப்பிடோணும்."

"எகிப்து ராசா ஒளிச்சதையே கண்டுபுடிச்சுட்டாங்க புள்ளே. நீ எம்மாத்தரம்" என்றார் மாரப்பன்.

தேடல் தொடங்கியது. ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த உச்சி வெயில் அம்மியைச் சுட்டிக்காட்டியது. காமிக்ஸில் இப்படித்தான் ரகசிய வாசல் தெரியும். அம்மியைப் புரட்டினார். அடியில் தேள். சாபம் இருக்கிறதென்றால் சரியான வழியில்தான் போகிறோம் என்று சந்தோஷப்பட்டார்.

பரண் மேல், துணி சுற்றிய பானை ஒன்று கிடைத்தது. துணிக்குள் துணி, அதற்குள்ளும் துணி. கடைசியில் புளியங்கொட்டை. கள்ளனை ஏமாற்றப் போலி அறை கட்டியிருக்கிறாள். மாரப்பனுக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. பிரமிடு கட்டியவனுக்கே மேஸ்திரியாக இருந்திருக்க வேண்டியவள், பெருமாட்டியில் வந்து வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வைக்கோல்போரைக் குடைந்தார். மாட்டுத் தொட்டிக்கு அடியில் தோண்டினார். படுத்தே கிடக்கும் அந்தக் காளையைக்கூட எழுப்பி, அது படுத்த இடத்தையும் சோதித்தார். காளை மறுபடி படுத்துக்கொண்டது.

நோம்பி வந்தது. பானை வரவில்லை. சொன்ன சொல் சொல்தான் என்று மாரப்பன் சலவை வேட்டி கட்டி, தொங்கிய தலையோடு ஆற்றைக் கடந்து மேற்கே நடந்தார்.

அர்த்தநாரி வாசலிலேயே எழுந்து நின்றார். மாரப்பன் மென்று விழுங்கி, "காளை மேலதானுங்க தப்பு, உங்க மேல இல்லீங்க. நோம்பிக்கு நீங்க வரோணும்" என்றார். அர்த்தநாரி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இலைக்கு முன் உட்காரவைத்தார். மாரப்பனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை நாள் எதற்கு வராமல் இருந்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

அப்போது அர்த்தநாரியின் மனைவி வள்ளியாத்தாள் வெள்ளைத்துணி சுற்றிய பானையைக் கொண்டுவந்து வைத்துக் கட்டை அவிழ்த்தாள். மஞ்சளும் மிளகாயும் கமகமத்தன.

"நீங்க வந்தாத்தான் தொறக்கோணும்னு முத்தாத்தா சொல்லிப் போட்டா, அண்ணா" என்றாள்.

மேற்குக் கரை! மாரப்பன் தான் சிரித்த அந்தத் திருடனை நினைத்துக்கொண்டார். பாவம், நல்லவனாகத்தான் இருந்திருப்பான்.

"இத்தன கனத்த ஒத்தப் பொம்பள எப்படீங்க கொண்டாந்து சேத்துனா?" என்று மட்டும் மெல்லக் கேட்டார்.

அர்த்தநாரி, வறுத்து வந்த துண்டுகளில் ஒன்றை அவர் இலையில் வைத்தார். "ஒத்தையில எங்கீங்க மாப்ளே? முருங்கைக்காய்க்கு அடியில வெச்சு, ஆத்தங்கர வரைக்கும் நீங்கதான சொமந்துட்டு வந்தீங்க."