கீரையா, பிரசாதமா?

பக்தி இருந்தால் போதும், வயிற்றுக்குள் போவதெல்லாம் பெருமாள் பொறுப்பு என்று நம்பியிருந்தவன் நான். (எட்டாம் வகுப்புப் படிப்பு. மார்க்கும் அவர் பொறுப்பில்தான் விட்டிருந்தேன்.)

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் என் இதயத்துக்குச் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. "கீரையைத் திடீர்னு கூட்டாதீங்க, மாத்திரை வேலை செய்யாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மார்கழி வந்தது. 'நெய்யுண்ணோம், பாலுண்ணோம்' என்று ஆண்டாள் பாடிய ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் மார்கழியில் பாலும் நெய்யும் தொடலாமா? விட்டேன். தெம்புக்குத் தினமும் ஒரு சட்டி அரைக்கீரை. டாக்டர் சொன்னது மறக்கவில்லை. ஆனால் துளசி போட்டுப் பெருமாளுக்குப் படைத்துவிட்டால் அது கீரை இல்லையே, பிரசாதம்! (என்ன மூளை!)

மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கு நானும் மனைவியும் ராஜபாளையம் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ரத்தம் சீக்கிரமா உறையுது. வால்வுல கட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. கீரை சாப்பிட்டீரா?"

"இல்ல சார்."

"அப்ப மாத்திரையைக் கூட்டணும்" என்று பேனாவை எடுத்தார்.

"செத்த இருங்க சார்" என்றாள் என் மனைவி. "இவிய தெனமும் ஒரு சட்டி கீரை சாப்பிடுதாவ. கேட்டா பிரசாதம்பாவ."

வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"பிரசாதம்னு உம்ம ஈரலுக்குத் தெரியுமாய்யா? என்ன வேலை பாக்கீரு?"

"பேண்டேஜ் துணி நெய்யுதேன் சார்."

"தறியிலேர்ந்து எறக்குன துணி அப்படியே ரத்தத்தை உறிஞ்சுமா?"

"உறிஞ்சாது சார். அவிச்சு வெளுக்கணும்."

"அதே கததான். ரத்தத்தை உறைய வைக்கிற புரதத்தை ஈரல் செஞ்சு போட்டாலும் அது வெறும் தறித்துணி. நொதின்னு ஒண்ணு அதுல சின்னதா ஒரு மாத்தம் பண்ணுனாத்தான் வேலைக்கு ஆகும். அதுக்கு வைட்டமின் கே வேணும். அது கெடைக்காம மாத்திரை தடுக்குது. நீரு கீரை வழியா சட்டி சட்டியா குடுக்கீரு! ஒம்ம பேச்சை நம்பி மாத்திரையைக் கூட்டியிருந்தா, தை பொறந்து நீரு கீரையை நிறுத்துனதும் ரத்தம் கசிஞ்சு நிக்காமப் போயிருக்கும்."

ரத்தம் நிற்கத் துணி நெய்கிறவன், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

பஸ் ஊரை நெருங்கியது. "கோபுரம் தெரியுது, கும்பிடுங்க" என்றாள். கை எழவில்லை. கீரை தின்றதுகூடப் பெரிதில்லை. பெருமாளைத் துணைக்கு இழுத்துப் பொய் சொன்னேனே!

இன்றும் இலையில் கீரை விழுந்தால் பேத்தி ஆரம்பித்துவிடுவாள்: "தாத்தா, இது கீரையா, பிரசாதமா?" வீடே சிரிக்கும். நான் மட்டும் துளசி போடும்போதே மெதுவாகச் சொல்லிவிடுகிறேன்: "பெருமாளே, இது கீரைதான். எனக்கு ஒரு கரண்டி போதும்."